ஷாக்கிள்டனின் கணக்கு

நல்ல தலைவர்னா யாரு? எர்னஸ்ட் ஷாக்கிள்டன் கதையைப் பார்ப்போம்.

அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கப் போன அவரோட ‘எண்டூரன்ஸ்’ கப்பல் 1915-ல் பனியில் நசுங்கி மூழ்கியது. போட்ட திட்டம் போச்சு. கூட வந்த 27 பேரையும் உயிரோட வீடு சேர்க்கணும், அதுதான் இனி வேலைன்னு முடிவெடுத்தார். எலிஃபன்ட் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, ஐந்து பேரோடு ஒரு சின்னப் படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து தெற்கு ஜார்ஜியா போய் உதவி தேடினார். மூன்று மீட்பு முயற்சிகள் தோற்றன. நான்காவது முறை, 1916 ஆகஸ்ட் 30-ல், 22 பேரும் மீட்கப்பட்டார்கள்.

ஆனா, கண்டத்தின் மறுபக்கம் அவருக்காக வழியில் உணவு வைக்கப் போன ராஸ் கடல் குழுவில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அவர் வரப்போவதில்லைன்னு அவங்களுக்குத் தெரியாது. ‘ஒருத்தரைக்கூட இழக்காத தலைவர்’னு சொல்லும்போது, அந்த மூவரையும் கணக்கில் சேர்க்கணும் இல்லையா?