எந்தப் பத்து மணி? கொடைக்கானலும் ஏஐ காலண்டரும்

1905-ல் கொடைக்கானலில் ஒருவர் நோட்டில் "காலை மணி 10" என்று எழுதி வைத்திருந்தால், அது எந்தப் பத்து?

கொடைக்கானல் கிழக்குத் தீர்க்கரேகை சுமார் 77.5 பாகையில் இருக்கிறது. அதனால் உள்ளூர் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 10 நிமிடம் முன்னால். ரயில்கள் ஓடியதோ மெட்ராஸ் நேரத்தில், அதாவது 5 மணி 21 நிமிடம். வெளிநாட்டு வானியலாளர்களின் குறிப்போடு ஒப்பிட கிரீன்விச் நேரம் வேணும். 1906 ஜனவரி 1-ல் ஐஎஸ்டி வந்து ஐந்தரை மணி என்றானது. அதுவும் நிலைக்கவில்லை: போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது.

நாள் எப்போ தொடங்குது என்பதிலும் குழப்பம்தான். 1924 முடியும்வரை வானியலாளர்களின் நாள் நண்பகலில் தொடங்கியது. அவர்கள் கணக்கில் "ஜனவரி 5, 20 மணி" என்றால் நமக்கு ஜனவரி 6 காலை 8 மணி. பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது.

மெட்ராஸிலிருந்து 1899-ல் மலையேறிய கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இது வாழ்வா சாவா விஷயம். நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள். பூமியிலிருந்து பார்க்க சூரியன் ஒரு சுற்று சுற்ற சுமார் 27 நாள், அதாவது மணிக்கு அரை பாகை. நேரக் குறிப்பில் 12 மணி நேரம் பிசகினால் ஒரு கரும்புள்ளி ஆறு பாகைக்கு மேல் இடம் மாறிவிடும். எடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. எழுதி வைத்தது மட்டும்தான் மிச்சம்.

இன்றைய ஏஐ ஏஜென்ட்டின் நிலையும் கிட்டத்தட்ட இதேதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி போன்ற முறைகளில், ஒரு டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்கணும் என்ற பட்டியல், இவ்வளவுதான் மாடலுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற கோட் தெரியாது. "காலண்டரில் நிகழ்ச்சி சேர்க்கும்" என்று ஒரே வரியில் முடித்தால் மிச்சத்தை அது ஊகிக்கும்.

எங்கே தவறும்?

நேர மண்டலம்: டூல் யுடிசி எதிர்பார்க்க, ஏஜென்ட் வெறும் "10:00" கொடுத்தால், காலைக் கூட்டம் மாலை 3:30-க்குப் போய்விடும்.

முடிவு நாள்: மே 10 முதல் 12 வரை கொடைக்கானல் டூர். கூகுள் காலண்டரில் முழுநாள் நிகழ்ச்சியின் முடிவுத் தேதி கணக்கில் சேராது. 13 என்று கொடுக்கணும். 12 கொடுத்தால் ஒரு நாள் போச்சு.

ராத்திரி: "திங்கக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குப் பழனி பஸ்" என்று நாம் சொன்னால், காலண்டரில் அது செவ்வாய் 01:00. திங்கள் 01:00 என்று பதிந்தால் நினைவூட்டல் ஒரு நாள் முன்னாடியே அடிக்கும்.

தைப்பூசம்: தை மாதமும் பூச நட்சத்திரமும் சேரும் நாள். ஆங்கிலத் தேதி வருஷாவருஷம் மாறும். "ஆண்டுதோறும் திரும்பும்" என்ற வசதி ஆங்கிலத் தேதியை மட்டுமே பார்க்கும் என்று விளக்கம் சொல்லாவிட்டால், பாதயாத்திரைக்கு லீவு தப்பான நாளில் விழும்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதினாலும் பயனில்லை. விளக்கம் மொத்தமும் மாடலின் சூழலில் இடத்தை அடைக்கும். படிப்பவர் எதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கோ அதை எழுதினால் போதும்: "நேரம் +05:30 போன்ற வித்தியாசத்தோடு வர வேண்டும். முடிவுத் தேதி சேராது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம் என்றால் தேதியைப் பயனரிடம் உறுதிசெய்யவும்." வித்தியாசம் இல்லாத நேரத்தை டூலே ஏற்காமல் திருப்பி அனுப்பினால் இன்னும் நல்லது.

மெட்ராஸ் நேரம் முழுசாகச் செத்துவிடவில்லை. கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பில், 'ஏஷியா/கொல்கத்தா' பதிவில், 1906-க்கு முந்தைய வரியாக அது இன்னும் இருக்கிறது. யாரோ ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைத்ததால்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிடுவதுதான் முதலில் தொலைந்துபோகிறது.