பேராதனையிலிருந்து ஒலுவில் வரை: பெண்களும் ஒரு கடினமான பாடமும்

மேல்மாடியின் பாரம் எந்த வளை வழியாக எந்தத் தூணில் இறங்கி நிலத்தை அடைகிறது, வழியில் எது வளையும், எது முறியும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிடுவது கட்டமைப்புப் பகுப்பாய்வு. குடிசார் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அதிகம் பயப்படும் பாடங்களில் ஒன்று.

இலங்கையில் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்கு இடம்மாறியது. 1960களில் குடிசார் பொறியியல் கற்ற பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம் நாட்டின் முதற் பெண் பொறியியலாளராகக் கருதப்படுகிறார். அவருக்கு இருபது வருடங்கள் முன்பே சென்னை கிண்டியில் படித்த பி. கே. திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் பிரதம பொறியியலாளரானார்.

அவர்கள் படித்த காலத்தில் மேசையில் கணினி இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஹாடி குரோஸ் 1930இல் வெளியிட்ட முறையே கைகொடுத்தது. எல்லா மூட்டுகளும் அசையாமல் பூட்டப்பட்டதாக முதலில் எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக விடுவித்து, சமப்படாத திருப்பத்தை அங்கு சேரும் வளைகளுக்கும் தூண்களுக்கும் அவற்றின் விறைப்புக்கேற்பப் பங்கிட வேண்டும். அதில் பாதி மறுமுனைக்குப் போகும். மிச்சம் அற்பமாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நோயாளியின் இரத்த அழுத்தத்தை மருந்து கூட்டிக் குறைத்துச் சீராக்கும் எனக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

எம் கரைக்கு இந்தப் பாடம் ஏட்டுக்கல்வி மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையோர வீடுகளில் அநேகமானவை கல்லடுக்கிய சுவர்கள். அத்தகைய சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் சரிந்துவிடும். கம்பி வைத்த தூணும் வளையும் ஒன்றாகப் பிணைந்த சட்டகமென்றால், சுவர் உடைந்து தண்ணீர் ஊடுருவிப் போனாலும் கட்டிடம் நிற்க வாய்ப்புண்டு. இன்றும் ஊரில் பழைய சுவரின் மேல் மாடி எழுப்பும்போது மேசனின் கண்மதிப்பையே நம்புகிறோம். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவுதான். கணிதப் பிரிவு எடுத்தால் பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டுமே என்று உம்மாமார் தயங்குவார்கள் (மருத்துவ பீடம் மட்டும் பக்கத்து வளவிலா இருந்தது?). 2012இல் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் வந்துவிட்டது. எந்தப் பீடம் கிடைக்கும் என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கும். ஆனால் கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்பது சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு வீட்டில் தீர்மானிக்கப்படுவது. உங்கள் மகளிடம் அப்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.