சுஸ்ருத சம்ஹிதையில் தீப்புண் மருத்துவம்

ஆயுர்வேதத்தின் அறுவை மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை, தீப்புண்ணுக்குத் தனி இடம் தருகிறது. சூத்திரஸ்தானத்தின் 12ஆம் அத்தியாயம் நோய் தீரச் சூடு போடும் ‘அக்னிகர்மம்’ பற்றியது. தற்செயலாக நெருப்பால் ஏற்படும் காயங்களும் அதிலேயே பேசப்படுகின்றன.

நூல் தீப்புண்ணை நான்காகப் பிரிக்கிறது. நிறம் மாறிக் கடுமையாக எரிவது ‘ப்லுஷ்டம்’. கொப்புளம் எழுந்து, சிவந்து, பழுத்து, ஆற நாளாவது ‘துர்தக்தம்’. ஆழமாக இறங்காமல் பனம்பழ நிறத்தில் இருப்பது ‘சம்யக்தக்தம்’. சதை தொங்கி, மூட்டும் எலும்பும் சிதைந்து, காய்ச்சலும் தாகமும் மயக்கமும் சேர்வது ‘அதிதக்தம்’. தோலில் தொடங்கிய கேடு உடல் முழுவதையும் தாக்கும் என்று அறிந்தவரே இப்படி எழுத முடியும். கொதிக்கும் எண்ணெய் விரைந்து ஊடுருவுவதால் வலி மிகும் என்ற குறிப்பும், புகையால் மூச்சுத் திணறுபவருக்கான சிகிச்சையும் அங்கே உண்டு.

சம்யக்தக்தத்துக்குச் சந்தனம், காவிக்கல், சீந்தில் முதலியவற்றை நெய்யில் குழைத்துப் பூசச் சொல்கிறது நூல். அதிதக்தத்தில் பிய்ந்த சதையை அகற்றி, மருந்திட்டு, சீந்தில் இலையாலோ தாமரை இலையாலோ புண்ணை மூட வேண்டும்.

இலையால் மூடும் வழக்கத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. கிருமி நீக்கிய வாழையிலையை மும்பை மருத்துவர்கள் தீப்புண்ணில் கட்டிப் பார்த்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்தக் கட்டில் வலி குறைவு. புண்ணில் ஒட்டாததால் பிரித்தெடுப்பதும் எளிது. இலையைப் போலவே தேனும் ஆராயப்பட்டிருக்கிறது. மேலோட்டமான தீப்புண்ணைத் தேன் சில வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்னதாக ஆற்றுகிறது என்று 2015இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது.

ஆனால் ஓரிடத்தில் நூலைப் பின்பற்றவே கூடாது. குளிர்ந்த நீர் இரத்தத்தை உறையச் செய்யும் என்று கருதி, ப்லுஷ்டத்துக்கு வெப்பச் சிகிச்சையை அது விதிக்கிறது. இன்றைய மருத்துவம் நேர்மாறாக, தீப்பட்ட உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டச் சொல்கிறது. நெய்யும் எண்ணெயும் அந்நேரத்தில் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். முகம், கை, மூட்டு வெந்தாலோ, காயம் ஆழமாகவோ பரவலாகவோ இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய தீக்காயத்தில் உடல் இழக்கும் நீரைச் சிரை வழியே ஏற்ற வேண்டியிருக்கும். தோல் முழு ஆழத்துக்கும் வெந்த இடத்தில் பெரும்பாலும் ஒட்டுத்தோல் வைக்க நேரும்.