பரம்பரைப் புற்றுநோயும் ஹென்றி லிஞ்சின் ஆராய்ச்சியும்

நோயின் காரணத்தை நோயுற்ற உடலிலே தேடுவது மருத்துவர் வழக்கம். ஆயின், ஒரு குடும்பத்தின் கதையே அக்காரணத்தைக் காட்டும் சான்றாவதும் உண்டு. பரம்பரைப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியற் பேராசிரியராய் விளங்கியவர் ஓல்டிரெட் வார்தின். அவர் வீட்டுக்குத் தையல் வேலை செய்துவந்த பெண்ணொருத்தி, தான் இளமையிலேயே புற்றுநோயால் இறப்பது உறுதியென 1895ஆம் ஆண்டில் அவரிடம் கூறினாள். உறவினர் பலர் இரைப்பையிலும் குடலிலும் கருப்பையிலும் புற்றுண்டாகி மாண்டமையே அவள் அச்சத்திற்குக் காரணம். அவள் சொன்னவாறே பின்னர் இளவயதிற் கருப்பைப் புற்றுநோயால் இறந்தாள். அவள் சொல்லை வீணச்சமெனத் தள்ளாத வார்தின், அக்குடும்பத்தின் வழிமுறையை ஆராய்ந்து 1913இல் வெளியிட்டார். புற்றுநோயுற்ற பாட்டனாரின் வழித்தோன்றல்கள் 48 பேருள் 17 பேர் அந்நோயால் இறந்தனர் அல்லது அதற்காகச் சத்திரசிகிச்சை பெற்றனர் என்பது அவர் கண்ட முடிபு. 'ஜி குடும்பம்' என மருத்துவ நூல்களிற் பெயர்பெற்றது இதுவே. எனினும், 1931இல் வார்தின் மறைந்தபின் இவ்வாராய்ச்சியிற் பலர் நாட்டஞ் செலுத்தவில்லை.

1962இல் நெபிராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரிலே, மதுவால் நலிந்த ஒருவரை ஹென்றி லிஞ்ச் என்னும் இளமருத்துவர் சந்தித்தார். குடிப்பதற்குக் காரணம் வினவியபோது, குடும்பத்தவர் பலரைப் போலத் தாமும் பெருங்குடற் புற்றுநோயால் இறக்கப்போவதை எண்ணியே குடிப்பதாக நோயாளர் விடையிறுத்தார். மருத்துவங் கற்குமுன்னரே மனிதப் பரம்பரையியலைப் பயின்றிருந்த லிஞ்சுக்கு அவ்விடை ஒரு சான்றாகத் தோன்றிற்று. சமூக சேவையாளரான ஆன் குறஷ் என்பவரின் துணையுடன் அவர் உறவினரைத் தேடி விசாரித்தார். மருத்துவப் பதிவுகளைத் திரட்டினார். 1966இல் இரு பெருங்குடும்பங்களின் வரலாறு வெளிவந்தது. வார்தின் விட்டுச்சென்ற குறிப்புகளும் லிஞ்சின் கைக்கு வர, 1971இல் ஜி குடும்பத்தின் எழுபத்தைந்து ஆண்டு வரலாறும் வெளியாயிற்று.

புற்றுநோய் சூழலால் விளைவதென்பதே அக்காலத்து அறிஞர் பலரின் துணிபு. ஆதலால் லிஞ்சின் கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. ஆராய்ச்சிக்கு அவர் வேண்டிய நிதியும் பலமுறை மறுக்கப்பட்டது. சூழலை வலியுறுத்தியோர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஜி குடும்பத்திலேயே பிற்காலத் தலைமுறைகளில் இரைப்பைப் புற்றுக் குறைந்து பெருங்குடற் புற்று மிகுந்தது. பிறப்பால் வந்த ஏதுநிலை மாறாதிருக்க, அது தாக்கும் உறுப்பு காலத்தோடு மாறியமை ஆராயத்தக்கது.

ஐயம் 1993இல் நீங்கத் தொடங்கிற்று. கலம் பிரியுமுன் அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது எழுத்துப்பிழை போன்ற வழுக்கள் நேர்வதுண்டு. அவற்றைத் திருத்துதற்குரிய எம்.எஸ்.எச்.2 என்னும் பரம்பரையலகு இரண்டாம் நிறமூர்த்தத்தில் அவ்வாண்டு கண்டறியப்பட்டது. மறு ஆண்டிலே மூன்றாம் நிறமூர்த்தத்தில் எம்.எல்.எச்.1 கண்டறியப்பட்டது. திருத்துவோன் பழுதுற்றாற் பிழைகள் பெருகும். அவற்றாற் புற்று விளையும். இப்பழுது பெற்றோருள் ஒருவரிடமிருந்து பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருதற்கு இரண்டிலொரு பங்கு வாய்ப்புண்டு. 2000ஆம் ஆண்டில் ஜி குடும்பத்திலும் எம்.எஸ்.எச்.2இன் பழுதே காணப்பட்டது. தையற்பெண்ணின் சொல்லுக்கு விளக்கங் கிடைக்க நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இவ்வறிவாற் பெற்ற பயன் யாது? இக்குடும்பத்தவரின் பெருங்குடலை மூன்றாண்டுக்கொருமுறை உள்நோக்குக் கருவியாற் பரிசோதித்தால் அங்கு புற்றுநோய் ஏற்படுவது 62 வீதம் குறையுமெனப் பின்லாந்து ஆராய்ச்சியொன்று 2000இற் காட்டிற்று. பழுதைப் பெறாத உறவினர் குடும்ப அச்சத்தினின்று விடுபட்டனர். மறுபுறம், பழுதுடையோர் தொழிலிலும் மருத்துவக் காப்புறுதியிலும் ஒதுக்கப்படலாமென்ற கவலையும் எழுந்தது. அதனைத் தடுத்தற்கு அமெரிக்காவில் 2008இற் சட்டமியற்றப்பட்டது.

லிஞ்ச் 2019இல் மறைந்தார். அவர் பெயராலேயே இந்நோய்நிலை இன்று வழங்குகின்றது. தையற்பெண்ணும் ஒமாகா நோயாளரும் தம் குடும்பத்தைப் பற்றி அறிந்திருந்தது விதியென்றே அவர்களுக்குத் தோன்றிற்று. அவ்வறிவைக் கேட்டு, எழுதி, எண்ணிப் பார்த்தோர் இருந்தமையால், பிற்சந்ததியார்க்கு அதுவே முன்னெச்சரிக்கையாயிற்று.