இறால் ஓடு மாடவீதிக்கு வந்த கதை

நெல்லூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் வன்னாமை இறால், பெரும்பாலும் தலையையும் ஓட்டையும் இங்கேயே விட்டுவிட்டுத்தான் கப்பலேறுகிறது. எடையில் ஏறக்குறைய பாதி கழிவு. கிடந்தால் ஊரே நாறும், பக்குவப்படுத்தினால் காசு.

ஓட்டை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் வேகவைத்தால் புரதம் கழன்றுகொள்ளும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளைப் பொடியாக வந்து நிற்பது குளுக்கோசமைன். 1876-இல் ஜெர்மானியர் கியோர்க் லெடர்ஹோஸ் கண்டுபிடித்தது. அடிப்படை வேதியியல் இன்றும் அதுதான். உலகச் சந்தைக்குச் சீனாவும் ஏராளமாகக் காய்ச்சித் தள்ளுவதால், உங்கள் மாத்திரை அட்டையில் இருப்பது எந்தக் கடற்கரை ஓடு என்று சொல்ல முடியாது.

மயிலாப்பூர் மாடவீதி மருந்துக்கடைக்கு வரும்போது அதில் கடல் வாசனை துளியும் இருக்காது. “எல் ஃபோர், எல் ஃபைவ் தேய்மானம்” என்று முதுகு ஸ்கேன் கவரோடு வரும் மாமாவுக்கும் மாமிக்கும் அது வெறும் ‘மூட்டு மாத்திரை’. வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டு அலமாரியில் இறால் ஓடு உட்கார்ந்திருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. உணவுத் துணைப்பொருளாக விற்றால் பழுப்பு நிற அசைவக் குறி இருக்கவேண்டும். பூதக்கண்ணாடி இருந்தால் தேடலாம். பூஞ்சையிலிருந்து எடுக்கும் சைவ வகையும் உண்டு.

இவ்வளவு தூரம் வந்த பொடி முதுகெலும்பில் என்ன செய்கிறது? குருத்தெலும்பு கட்ட உடலே உண்டாக்கிக்கொள்ளும் சர்க்கரை இது. வெளியிலிருந்தும் கொடுத்தால் தேய்மானம் சரியாகும் என்பது நம்பிக்கை. நார்வேயில் நாள்பட்ட இடுப்புவலியும் கீழ்முதுகுத் தேய்மானமும் உள்ள 250 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப்பேருக்குத் தினம் 1500 மில்லிகிராம் குளுக்கோசமைன், மீதிப்பேருக்குப் போலி மாத்திரை, ஆறு மாதம். 2010-இல் முடிவு வெளியானது: இரண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்திருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் “எனக்குக் கேட்டதே” என்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரையைத் தொடங்குகிறோம். உச்சத்துக்குப் பிறகு தானாகவும் இறங்கும். பெயர் மாத்திரைக்குப் போகிறது.

இறால் ஒவ்வாமை உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம். மற்றவர்கள் அந்தக் காசை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து நாகேஸ்வரராவ் பூங்காவில் தினமும் நடக்கலாம்.