குறிப்பேடும் பேரேடும் ஒரே டிஸ்கில் இருக்கலாமா?

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 1996-ல் 4.0 என்ற எண்ணோடு முதன்முதலாக வெளிவந்தது. அன்று முதல் மின்னஞ்சல் சர்வரை நிறுவுகிறவர்கள் கேட்டுப் பழகிய அறிவுரை ஒன்று உண்டு: டேட்டாபேஸ் ஒரு டிஸ்கில் இருக்கட்டும், லாக் கோப்புகள் வேறொரு டிஸ்கில் இருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் 2010 பதிப்பில் அதே நிறுவனம், சில நிபந்தனைகளோடு, இரண்டையும் ஒரே டிஸ்கில் வைக்கலாம் என்றது. பழைய விதி செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள். அது அவசர முடிவு என்பதே என் கருத்து. அந்த விதியை இரண்டு காரணங்கள் தாங்கி நின்றன. அவற்றில் வேகம் பற்றிய காரணம் மங்கிவிட்டது. இழப்பு பற்றிய காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது.

லாக் என்பது எக்ஸ்சேஞ்சின் கண்டுபிடிப்பு அன்று. 1970-களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜிம் கிரே முதலானவர்கள் வகுத்த முறை அது. 1992-ல் வெளியான ஏரிஸ் என்ற கட்டுரை அதற்கு முழு இலக்கணம் தந்தது. அதன் முதன்மை ஆசிரியரான சி. மோகன் சென்னை ஐஐடியில் படித்தவர். முறை எளியது. கணக்கு எழுதுகிறவர் நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு பேரேட்டில் அந்தந்தத் தலைப்பில் ஏற்றுவதைப் போல, சர்வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாகில் எழுதிவிட்டு, சாவகாசமாக டேட்டாபேஸில் பதிகிறது. நடுவே மின்சாரம் போனால் டேட்டாபேஸ் அரைகுறையாக நிற்கும். லாகை மறுபடி ஓட்டினால் விட்டுப்போனதெல்லாம் வந்து சேரும்.

வேகம் பற்றிய காரணம் இந்த வேலைமுறையிலேயே இருக்கிறது. லாக் எப்போதும் கடைசி வரியை அடுத்தே எழுதப்படும். டேட்டாபேஸோ எந்தப் பக்கத்தை எப்போது கேட்கும் என்று சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 6 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. படிக்கவும் எழுதவும் செய்யும் தலை நகரும் நேரம் தனி. இரண்டு வேலையையும் ஒரே டிஸ்கில் போட்டால், லாகை எழுதிக்கொண்டிருந்த தலை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் பக்கம் ஓடித் திரும்ப வேண்டும். எக்ஸ்சேஞ்ச் 2003 வரை 32-பிட் வரம்பு நினைவகத்தையும் இறுக்கிப் பிடித்ததால் டிஸ்குக்கு ஓய்வே இல்லை. 2007 பதிப்பு 64-பிட்டுக்கு மாறி, பக்கத்தின் அளவை 4 கேபியிலிருந்து 8 கேபி ஆக்கியது. 2010 பதிப்பு அதை 32 கேபி ஆக்கி, ஒரு பயனரின் கடிதங்களை அடுத்தடுத்து அடுக்கியது. பலருக்குப் போன ஒரே கடிதத்தை ஒரே பிரதியாக வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் பழைய வசதியையும் கைவிட்டது. இடம் மலிந்துவிட்டது, டிஸ்கின் தலைக்கோ வேகம் கூடவில்லை. அந்தக் காலத்துக்கு இது சரியான பேரம். இவற்றால் டிஸ்கின் சுமை பெருமளவு இறங்கியது. இந்த அளவில் விதியை எதிர்ப்பவர்கள் சொல்வது உண்மைதான்.

ஆனால் இழப்பு பற்றிய காரணத்தை வேகம் தொடுவதில்லை. இரவில் பேக்கப் எடுத்தாயிற்று, மறுநாள் மாலை டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். லாக் வேறு டிஸ்கில் இருந்தால், பேக்கப்பை மீட்டு, அதன்மேல் லாகை ஓட்டி, பழுதான நிமிடம் வரைக்குமான கடிதங்களைத் திரும்பப் பெறலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் அன்றைய கடிதங்கள் போனது போனதுதான். 5.5 பதிப்பில் பழைய லாகின்மேலேயே புதியதை எழுதும் ஏற்பாடு இயல்பாகவே இயங்கியது. அது இடத்தை மிச்சப்படுத்தி இந்தப் பாதுகாப்பை அறுத்தது. எக்ஸ்சேஞ்ச் 2000-ல் அது இயல்பு நிலையில் நிறுத்தப்பட்டது. அதற்கும் விலை உண்டு: பேக்கப் வெற்றிகரமாக முடியும்வரை லாக் குவிந்துகொண்டே போகும், டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் நின்றுவிடும். விண்டோஸ் இருக்கும் சி டிரைவிலேயே லாகையும் விட்டுவைத்தவர்களுக்கு இயங்குதளமும் சேர்ந்து திணறும்.

அப்படியானால் 2010-ன் அனுமதியை எப்படிப் புரிந்துகொள்வது? நிபந்தனையைப் பார்க்க வேண்டும். ஒரே டேட்டாபேஸுக்கு வெவ்வேறு சர்வர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தால்தான், ரெய்டு எனப்படும் டிஸ்க் பாதுகாப்பு இல்லாத ஒற்றை டிஸ்கில் இரண்டையும் சேர்த்து வைக்கலாம். டிஸ்குக்கும் டிஸ்குக்கும் நடுவே இருந்த பிரிவினை சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே போயிருக்கிறது. ஒரே பழுது இரண்டையும் கொண்டுபோகக் கூடாது என்ற கொள்கை மாறவில்லை. பிரதிகள் இருந்தால் லாகின் அருமை குறைந்துவிடாதா என்று கேட்கலாம். குறையாது. பிரதிகளுக்குப் பயணப்படுவதே லாக்தான். தவறான மாற்றமும் அதே வழியில் எல்லாப் பிரதிக்கும் போய்ச் சேரும் என்பதால், லாகை வாங்கி வைத்துக்கொண்டு 14 நாள் வரை ஓட்டாமல் காத்திருக்கும் பிரதி ஒன்றை வைக்கவும் அதே பதிப்பு வழி செய்தது.

ஒற்றை சர்வரோடு இயங்கும் சிறிய அலுவலகத்துக்கு இந்த அனுமதி பொருந்தாது. அங்கே எஸ்எஸ்டி வந்த பிறகும் பழைய விதியே விதி. சேமிப்பகத் தொகுதியிலிருந்து இடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரையில் டி, ஈ என்று இரண்டு டிரைவ் தெரிவதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். இரண்டும் ஒரே டிஸ்க் கூட்டத்திலிருந்து வெட்டித் தரப்பட்டவையா என்று அதை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள்.