செஞ்சி வட்டாரமும் வாக்காளரை அழைத்தலும்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்கள் 1952இல் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. அம்மாவட்டத்தே வன்னியர் சங்கத்தின் வழித் தோன்றிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் தலைமையில், அவ்வாண்டுச் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களை வென்றது. ஊர்தோறும் வேரூன்றிய உறவே ஆங்கு அழைப்பாயிற்று எனல் பொருந்தும். 1998இல் அமெரிக்க நாட்டு நியூ ஹேவன் நகரில் கெர்பர், கிரீன் இருவரும் நிகழ்த்திய ஆய்வும், இல்லந்தோறும் நேரிற் சென்று அழைத்தல், அஞ்சலினும் மிகுதியாக வாக்களிப்போரைப் பெருக்கிற்று எனக் காட்டியது.

ஆயினும், வென்ற இடங்களின் தொகை வாக்களித்தோர் தொகைக்குச் சான்றாகாது. மேலும், உறவின் வழிச் செல்லும் அழைப்பு உறவுக்குப் புறம்பானார் வாயிலை எட்டாது போதலும் உண்டு. ஆகலின், சிற்றூர்த் தேர்தல் வரலாற்றை ஆராய்வார், அழைத்தவர் யாவர் என்பதோடு அழைக்கப்படாதவர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.